இடைவேளையோடு முடியாத கதை: 'இன்டு தி வுட்ஸ்' இசைநாடகத்தைப் புரிந்துகொள்ள

2014 டிசம்பர் 25 அன்று டிஸ்னி வெளியிட்ட 'இன்டு தி வுட்ஸ்' படத்துக்குக் குழந்தைகளோடு போன பலர் குழம்பித்தான் வெளியே வந்தார்கள். சிண்டரெல்லா, ரப்புன்ஸல், ஜாக், சிவப்பு மேலங்கிச் சிறுமி எல்லாரும் இருக்கிறார்கள். கல்யாணம் நடக்கிறது, சாபம் நீங்குகிறது, குழந்தை பிறக்கிறது. சரி, படம் முடிந்தது என்று எழுந்திருக்கும் நேரத்தில் பூமி அதிர்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

அந்தப் படத்துக்கு மூலமான மேடை நாடகத்திலும் இதே குழப்பம் 1987 முதல் இருந்துவருகிறது. இடைவேளையில் நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்பியவர்கள் உண்டு. முதல் பாதியை மட்டும் பள்ளியில் நடித்துவிட்டு, அவ்வளவுதான் கதை என்று நினைத்து வளர்ந்தவர்களும் உண்டு. "நல்லாத்தானே முடிந்தது, பிறகு ஏன் கெடுத்தார்கள்?" என்ற கேள்விக்கு நாடகத்தின் கட்டுமானத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. இரண்டாம் பாதியின் ஒவ்வொரு இழப்புக்கும் முதல் பாதியில் ஒரு காரணம் ஊன்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

(கதை முழுவதையும் சொல்லாமல் இதை விளக்க முடியாது. முடிவு தெரியாமல் பார்க்க விரும்புபவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

முதலில் சில சொற்கள்

அமெரிக்க இசைநாடகத்தில் மூன்று எழுத்து வேலைகள் உண்டு. கதையமைப்பும் வசனமும் சேர்ந்தது 'புக்'. பாடல் வரிகள் 'லிரிக்ஸ்'. இசைக் குறிப்பு முழுவதும் 'ஸ்கோர்'. பெரும்பாலும் மூன்றையும் வேறு வேறு ஆட்கள் செய்வார்கள். இந்த நாடகத்தில் இசையும் வரிகளும் ஸ்டீஃபன் சோண்ட்ஹைமுடையவை. புக் எழுதி இயக்கியவர் ஜேம்ஸ் லபைன். வரியையும் மெட்டையும் ஒரே ஆள் எழுதியது எவ்வளவு முக்கியம் என்பது கதையில் வரும் மந்திர அவரை விதைகளைப் பற்றிப் பின்னால் பேசும்போது தெரியும்.

இருவரும் அதற்கு முன் 1984இல் 'சண்டே இன் த பார்க் வித் ஜார்ஜ்' என்ற நாடகத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். அந்த நாடகத்துக்கு 1985இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. 'இன்டு தி வுட்ஸ்' 1986 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் உள்ள ஓல்ட் க்ளோப் அரங்கில் முதலில் மேடையேறியது. பெரிய நாடகங்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோகும் முன் வேறு ஊரில் நடத்திப் பார்த்துத் திருத்துவது அங்கே வழக்கம். இரண்டாம் பாதியின் உயிர்நாடி என்று சொல்லத்தக்க 'நோ ஒன் இஸ் அலோன்' பாட்டு அந்த சான் டியேகோ காட்சிகளின் நடுவில்தான் சேர்ந்தது.

1987 நவம்பர் 5 அன்று நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில், மார்ட்டின் பெக் அரங்கில் அரங்கேற்றம். மொத்தம் 765 காட்சிகள். பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுகளில் 1988இல் இசைக்கும் புக்குக்கும் பரிசு கிடைத்தது. ரொட்டிக்காரரின் மனைவியாக நடித்த ஜோவானா க்ளீசன் சிறந்த நடிகை ஆனார். சிறந்த இசைநாடகத்துக்கான விருது அந்த ஆண்டு 'ஃபான்டம் ஆஃப் தி ஆப்பரா'வுக்குப் போனது.

எந்தக் கதையின் எந்த வடிவம்?

குழப்பத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. சிண்டரெல்லா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பூசணிக்காய் வண்டி, தேவதை, கண்ணாடிச் செருப்பு. அது 1697இல் பிரான்ஸின் ஷார்ல் பெரோ எழுதிய வடிவம். டிஸ்னி கார்ட்டூன் அதையே எடுத்துக்கொண்டது.

லபைனும் சோண்ட்ஹைமும் போனது ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிடத் தொடங்கிய தொகுப்பின் பக்கம். அங்கே தேவதை கிடையாது. அம்மாவின் கல்லறையில் நட்ட மரமும் அதில் வந்து உட்காரும் பறவைகளும்தான் உடை தருகின்றன. விழா மூன்று இரவு நடக்கும். செருப்பு கண்ணாடியால் ஆனதல்ல, தங்கம். அவள் ஓடிவிடாதபடி இளவரசன் படிக்கட்டில் கீல் (தார்போல ஒட்டும் பிசின்) பூசி வைக்கிறான். செருப்புக்குள் கால் நுழைய ஒரு சகோதரி விரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை வெட்டிக்கொள்கிறாள். கடைசியில் பறவைகள் இருவரின் கண்ணையும் கொத்திவிடுகின்றன.

இவை அத்தனையும் நாடகத்தின் முதல் பாதியில் உண்டு. ஆக, "இனிமையான கதையை இருட்டாக்கிவிட்டார்கள்" என்று சொல்வது பொருந்தாது. கதை முதலிலேயே அப்படித்தான் இருந்தது.

ரப்புன்ஸலும் சிவப்பு மேலங்கிச் சிறுமியும்கூடக் கிரிம் தொகுப்பில் இருப்பவை. ஜாக்கும் அவரைக்கொடியும் இங்கிலாந்துக் கதை. இந்த நான்கையும் இணைக்கும் ஐந்தாவது கதை எந்தப் பழைய நூலிலும் இல்லை. ரொட்டி சுட்டு விற்கும் ஒருவர், அவர் மனைவி, அவர்களுக்குக் குழந்தை இல்லாத ஏக்கம்: இது லபைன் புதிதாக உருவாக்கியது. மற்றவர்கள் கதைப் பாத்திரங்கள் என்றால் இந்த இருவரும் நம் தெருவில் கடை வைத்திருப்பவர்களைப் போலப் பேசுவார்கள்.

முடிச்சு போடப்படும் விதம்

திரை விலகும்போது மேடையில் மூன்று வீடுகள். கதைசொல்லி ஒருவர் ஓரமாக நின்று "முன்னொரு காலத்தில்" என்று தொடங்குவார். நம் கூத்தில் கட்டியங்காரன் நிற்பதுபோல அவர் கதைக்கு வெளியே நிற்கிறார். இந்த விஷயம் பிறகு தேவைப்படும்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆசை எழுகிறது. சிண்டரெல்லாவுக்கு விழாவுக்குப் போக வேண்டும். ஜாக்குக்குத் தன் மாடு பால் கறக்க வேண்டும். ரொட்டிக்காரருக்கும் மனைவிக்கும் குழந்தை வேண்டும். அடுத்த வீட்டுச் சூனியக்காரி வந்து, குழந்தை இல்லாததற்குக் காரணம் தான் போட்ட சாபம் என்கிறாள். ரொட்டிக்காரரின் அப்பா பல வருடம் முன்பு கர்ப்பிணி மனைவிக்காக இவள் தோட்டத்தில் கீரை திருடினார். கூடவே மந்திர அவரை விதைகளையும் எடுத்துப்போனார். விதைகளைப் பறிகொடுத்ததற்காகச் சூனியக்காரியை அவளுடைய தாய் அழகிழக்கச் செய்தாள். சூனியக்காரி பதிலுக்கு, பிறந்த பெண்குழந்தையைப் பறித்துக்கொண்டு, அந்தக் குடும்பமே மலடாகப் போகட்டும் என்று சபித்தாள். அந்தக் குழந்தைதான் கோபுரத்தில் அடைபட்டிருக்கும் ரப்புன்ஸல். அதாவது ரொட்டிக்காரரின் தங்கை.

சாபம் நீங்க மூன்று நள்ளிரவுக்குள் நான்கு பொருள் வேண்டும்:

1. பால்போல் வெள்ளையான பசு. ஜாக்கிடம் இருக்கிறது.
2. ரத்தம்போல் சிவப்பான மேலங்கி. பாட்டி வீட்டுக்குப் போகும் சிறுமியிடம் இருக்கிறது.
3. சோளம்போல் மஞ்சளான முடி. ரப்புன்ஸலிடம் இருக்கிறது.
4. தங்கம்போல் தூய செருப்பு. சிண்டரெல்லாவின் காலில் இருக்கிறது.

நான்கு கதையிலும் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருட்களே வாங்க வேண்டிய சாமான் பட்டியலாக மாறிவிட்டன. ரொட்டிக்காரர் தம்பதி ஒவ்வொரு கதைக்குள்ளும் நுழைந்து ஒரு பொருளை எடுத்து வர வேண்டும். எல்லாரும் சந்திக்கும் இடம் காடு. நாடகக் கட்டுமானம் என்ற அளவில் இதைவிடச் சுத்தமான முடிச்சு எனக்குத் தெரிந்து இசைநாடகத்தில் குறைவு.

ஐந்து விதை, ஐந்து சுரம்

அப்பாவின் பழைய மேற்சட்டைப் பையில் ரொட்டிக்காரருக்கு ஆறு அவரை விதைகள் கிடைக்கின்றன. காட்டில் ஜாக் பசுவோடு வருகிறான். கையில் காசு இல்லை. விதைகள் மந்திர விதைகள் என்று சொல்லி, ஐந்தைக் கொடுத்துப் பசுவை வாங்குகிறார்கள், ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். அவை உண்மையில் மந்திர விதைகள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர்களுக்கு அது தெரியாது. பொய் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். அப்புறம் மனைவி ஒரு பாட்டில் தங்களைத் தாங்களே சமாதானப்படுத்துகிறார்: குழந்தைக்காகத்தானே, பெரிய தப்பு ஒன்றுமில்லை.

விதைகள் எண்ணப்படும்போது ஒவ்வொரு விதைக்கும் ஒரு சுரம் என்று ஐந்து சுரம் ஒலிக்கும். கேட்பவருக்கு அது சின்ன ஓசை மட்டும்தான். ஆனால் கோபுரத்திலிருந்து ரப்புன்ஸல் வார்த்தையே இல்லாமல் 'ஆ' என்று பாடும் மெட்டு இந்தச் சுரங்களிலிருந்து பிறந்தது. என்னை விட்டுப் போகாதே என்று சூனியக்காரி அவளிடம் கெஞ்சும் பாட்டிலும் அந்தச் சாயல் உண்டு. திருடப்பட்ட விதை, பறிக்கப்பட்ட பெண், வளர்த்தவளின் பயம் மூன்றும் ஒரே கதை என்பதை வசனம் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. இசை சொல்கிறது. வரியும் மெட்டும் ஒரே மனதில் தோன்றியதால் கிடைத்த பலன் இது.

சோண்ட்ஹைமின் பாட்டு மனதில் நிற்பதில்லை என்று ஒரு குறை எப்போதும் சொல்லப்படும். இந்த நாடகத்தில் பாட்டுகள் வேண்டுமென்றே துண்டு துண்டாக இருக்கின்றன. யாரோ ஒருவர் பாடத் தொடங்குவார், இன்னொருவர் ஓடி வந்து அதை அறுத்துக்கொண்டு போவார். எல்லாரும் எதையோ துரத்திக்கொண்டிருக்கும் காட்டில் யாருக்கும் ஒரு பாட்டை முடிக்க நேரம் இல்லை. அதனாலேயே இரண்டாம் பாதியில் ஒரு பாட்டு முழுசாக, அமைதியாகப் பாடப்படும்போது அது நெஞ்சில் அப்படி இறங்குகிறது.

முதல் பாதியின் கடன் கணக்கு

நான்கு பொருளும் கிடைத்துவிடுகின்றன. எப்படிக் கிடைத்தன என்று பார்த்தால்தான் அடுத்து நடப்பது புரியும்.

1. பசு: மேலே சொன்னபடி, பொய் சொல்லி ஒரு சிறுவனிடம் வாங்கியது.

2. மேலங்கி: ரொட்டிக்காரர் முதலில் பிடுங்குகிறார். சிறுமி கத்திக் கூப்பாடு போட்டதும் திருப்பிக் கொடுக்கிறார். பிறகு ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளைக் காப்பாற்றியதும் அவளே நன்றியாகத் தருகிறாள். பட்டியலில் நேர்மையாகக் கிடைத்த ஒரே பொருள் இதுதான்.

3. முடி: கோபுரத்தின் கீழே நின்று ரப்புன்ஸலை ஏமாற்றி முடியை இறக்கச் சொல்லி, மனைவி பிய்த்துக்கொண்டு ஓடுகிறார். அது பயன்படவும் இல்லை. சூனியக்காரியின் கை பட்ட முடி மந்திரத்துக்கு ஆகாது. கடைசியில் சோளக்கதிரின் நாரைப் பசுவுக்குத் தின்னக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள்.

4. செருப்பு: மூன்றாம் இரவு. கீல் பூசிய படியில் ஒரு செருப்பை விட்டுவிட்டு சிண்டரெல்லா ஓடி வருகிறாள். மீதமிருந்த ஆறாவது விதையைத் தருகிறேன், செருப்பைக் கொடு என்கிறார் மனைவி. மந்திர விதையாவது ஒன்றாவது என்று சிண்டரெல்லா அதைத் தூக்கி எறிகிறாள். பிறகு மனைவி தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துத் தங்கச் செருப்பை வாங்கிக்கொள்கிறார். தரையில் விழுந்த விதையை இருவருமே மறந்துவிடுகிறார்கள்.

5. இதற்கு நடுவில் ஜாக், அந்த ஐந்து விதையில் முளைத்த கொடியில் ஏறி, மேலே வாழும் அரக்கனிடமிருந்து பொற்காசுகளையும் பொன்முட்டையிடும் கோழியையும் திருடி வருகிறான். மாட்டைத் திருப்பி வாங்கத்தான் அவனுக்குப் பணம் தேவைப்பட்டது. மூன்றாவது முறை அவன் ஏறியது, உன்னால் அரக்கன் வீட்டு யாழை எடுத்துவர முடியுமா என்று சிவப்பு மேலங்கிச் சிறுமி சீண்டியதால். துரத்தி வந்த அரக்கன் கொடி வெட்டப்பட்டதில் விழுந்து சாகிறான்.

இந்த ஐந்தையும் செய்தவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. எல்லாருடைய ஆசையும் நியாயமானது. எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு தயாராக இருந்தது. கதை நம்மையும் அவர்கள் பக்கம் நிற்க வைத்துக் கைதட்ட வைக்கிறது. மற்றப் பொருட்களைத் தின்ற பசுவின் பாலைக் குடித்த சூனியக்காரிக்கு இளமையும் அழகும் திரும்புகின்றன, ஆனால் மந்திர சக்தி போய்விடுகிறது. குழந்தை, அரண்மனை, பொன், எல்லாம் எல்லாருக்கும் கிடைத்தாயிற்று. கதை முடிஞ்சுது, கத்தரிக்காய் காய்ச்சுது.

அந்தக் கொண்டாட்டப் பாட்டு நடக்கும்போதே பின்னால் இன்னொரு அவரைக்கொடி முளைத்து வானத்துக்கு ஏறுகிறது. மேடையில் ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. கதைசொல்லி "தொடரும்" என்று சொல்ல, விளக்கு அணைகிறது. இடைவேளை.

பிறகு நடப்பது

இரண்டாம் பாதி அதே மூன்று வீடுகளில், அதே "எனக்கு வேண்டும்" என்ற ஆசையோடு தொடங்குகிறது. கிடைத்தது போதவில்லை. ரொட்டிக்காரரின் வீடு குழந்தையோடு இருக்க இடம் பற்றவில்லை. சிண்டரெல்லாவுக்கு அரண்மனை அலுத்துவிட்டது. சிண்டரெல்லாவின் இளவரசனும் ரப்புன்ஸலின் இளவரசனும், வேறு கதைகளின் நாயகிகளான தூங்கும் அழகியையும் பனிவெள்ளையையும் நினைத்து ஏங்குகிறார்கள்.

இறந்த அரக்கனின் மனைவி இரண்டாவது கொடி வழியாக இறங்கி வருகிறாள். தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்த பையன் திருடிவிட்டுக் கணவனையும் கொன்றான். அவனை என்னிடம் ஒப்படையுங்கள் என்கிறாள். அவள் கேட்பது நியாயம். இந்த நாடகம் என்னை முதலில் பிடித்து நிறுத்திய இடம் இதுதான்: பேரழிவைக் கொண்டுவருபவளின் பக்கம் ஒரு விதவையின் துக்கமும் சரியான வாதமும் இருக்கின்றன.

அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. யாரையாவது ஜாக் என்று கொடுத்து ஏமாற்றலாமா என்று தேடுகிறார்கள். ஓரத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டிருப்பவர் கண்ணில் படுகிறார். அவரை உள்ளே இழுத்து அரக்கியிடம் தள்ளிவிடுகிறார்கள். நான் இல்லாவிட்டால் உங்கள் கதை எப்படி முடியும் என்பது உங்களுக்கே தெரியாது என்று அவர் எச்சரிப்பது வீணாகிறது. அவர் சாகிறார். அந்த நிமிடத்திலிருந்து மேடையில் இருப்பவர்களுக்கு எழுதி வைத்த கதை என்று ஒன்று கிடையாது. கட்டியங்காரனைக் கொன்றுவிட்டுக் கூத்தைத் தொடர்வதை நினைத்துப் பாருங்கள், அதன் திகில் புரியும்.

அடுத்தடுத்து இழப்புகள். அரக்கியிடம் எதிர்த்துப் பேசும் ஜாக்கின் அம்மாவை வாயடைக்க அரண்மனை அதிகாரி தலையில் அடிக்கிறார், அவர் இறந்துபோகிறார். ரப்புன்ஸல் அரக்கியின் காலடியில் ஓடி நசுங்குகிறாள். ரொட்டிக்காரரின் மனைவி காட்டில் சிண்டரெல்லாவின் இளவரசனோடு சில நிமிடம் தடம் மாறுகிறார். பிறகு தனியாக நின்று யோசித்து, இது ஒரு கணம் மட்டும்தான், என் வாழ்க்கை வீட்டில் இருக்கிறது என்று தெளிந்து திரும்பும் வழியில் மரம் சாய்ந்து சாகிறார்.

இந்தச் சாவைத் தவறான உறவுக்குத் தண்டனை என்று படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. தெளிவு வந்த பிறகுதானே அவர் சாகிறார்? உடன் இருந்த இளவரசனுக்கு ஒரு கீறலும் இல்லை. மரத்தைச் சாய்த்தது அரக்கியின் நடை. அவள் இறங்கி வந்தது ஆறாவது விதையில் முளைத்த கொடி வழியாக. அந்த விதையைக் கைமாற்ற நீட்டியவர் இவர்தான். ஒழுக்கக் கணக்கு அல்ல, காரண காரியக் கணக்கு. அது ஆளின் மன நிலையைப் பார்த்துக் காத்திருப்பதில்லை.

யார் குற்றம்?

மிஞ்சியது ஐந்து பேர்: ரொட்டிக்காரர், ஜாக், சிவப்பு மேலங்கிச் சிறுமி, சிண்டரெல்லா, சூனியக்காரி. இங்கே 'யுவர் ஃபால்ட்' என்ற பாட்டு வருகிறது. மிக வேகமானது. மூச்சு விட இடமில்லாமல் ஒருவர் இன்னொருவரைச் சுட்டுவார்கள். கொடியில் ஏறியது நீ. விதை கொடுத்தது நீங்கள். மாடு வேண்டியிருந்தது, சாபம் போட்டது அவள். யாழுக்காக ஏறச் சொன்னது இந்தப் பெண். இரண்டாவது கொடி எப்படி முளைத்தது? விதையை எறிந்தது யார்? சுட்டுவிரல் ஒரு முழு வட்டம் சுற்றி எல்லாரையும் தொட்டு, கடைசியில் எல்லாரும் சேர்ந்து சூனியக்காரியைக் காட்டுகிறார்கள்.

கவனித்தால், பாட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு குற்றச்சாட்டும் உண்மை. மேலே ஐந்து எண்ணில் நாம் எழுதிய கணக்கைத்தான் அவர்கள் பாடுகிறார்கள். சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்து இழுத்தாலும் அதற்கு முன் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் குற்றவாளியைக் கண்டுபிடித்தால் அரக்கி போய்விடுவாளா? மாட்டாள். அவள் இன்னும் வெளியே நடந்துகொண்டிருக்கிறாள்.

சூனியக்காரி அந்தப் பழியை ஏற்றுக்கொண்டு, நீங்கள் நல்லவர்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை, வெறும் சாதுக்கள் என்று திட்டிவிட்டு மறைகிறாள். ரொட்டிக்காரர் குழந்தையை சிண்டரெல்லாவிடம் போட்டுவிட்டு ஓடப் பார்க்கிறார். அவருடைய அப்பாவும் அப்படி ஓடியவர்தான். செத்துப்போன அந்த அப்பா காட்டில் எதிரே வந்து பேச, மகன் திரும்பி வருகிறார். சங்கிலி அறுபடும் ஒரே இடம் இது. பழைய குற்றத்தைக் கண்டுபிடித்ததால் அறுபடவில்லை, ஒருவர் அதே தப்பை மறுபடி செய்யாமல் நின்றதால் அறுபடுகிறது.

பிறகு நால்வரும் சேர்ந்து அரக்கியை வீழ்த்துகிறார்கள். எதைக் கொண்டு? கண்ணைக் கொத்தும் பறவைகளும் காலை ஒட்டவைக்கும் கீலும். இரண்டும் முதல் பாதி சிண்டரெல்லா கதையிலிருந்து வந்தவை.

இரண்டு பாட்டுகளைத் தப்பாகப் புரிந்துகொள்வது

'நோ ஒன் இஸ் அலோன்' இன்று அஞ்சலிக் கூட்டங்களிலும் பட்டமளிப்பு விழாக்களிலும் ஆறுதல் பாட்டாகப் பாடப்படுகிறது. யாரும் தனியாக இல்லை என்றால் உனக்குத் துணை உண்டு என்று பொருள். ஆனால் அதே வரிக்கு இன்னொரு பொருளும் உண்டு: நீ செய்வது உன்னோடு நிற்காது, மற்றவர் மேல் விழும். அரக்கியைக் கொல்லக் காத்திருக்கும் நேரத்தில், அம்மாவை இழந்த இரண்டு பிள்ளைகளுக்கு இது பாடப்படுகிறது. அந்த அரக்கிக்கும் யாரோ இருந்தார்கள் என்பதையும் பாட்டு விட்டுவிடவில்லை. ஆறுதலும் எச்சரிக்கையும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

'சில்ட்ரன் வில் லிசன்' இன்னொன்று. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எதைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்ற அந்தப் பாட்டின் விதை, ரப்புன்ஸல் செத்த உடனே சூனியக்காரி பாடும் புலம்பலில் இருக்கிறது. அங்கே பொருள் நேர் எதிர்: என்ன சொன்னாலும் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். பூட்டி வைத்து வளர்த்த தாயின் கசப்பு முதலில் வந்து, பிறகு அதே கருத்து தலைகீழாகத் திரும்பி வருகிறது. தனிப் பாட்டாகக் கேட்பவர்களுக்கு இந்தத் திருப்பம் கிடைக்காது.

அரக்கி எதன் உருவகம்?

1987இல் நியூயார்க்கில் நாடகம் பார்த்தவர்கள் பலர் அரக்கியை எய்ட்ஸ் என்று படித்தார்கள். அதில் வியப்பில்லை. அந்த ஆண்டு மார்ச்சில்தான் எய்ட்ஸ் விஷயத்தில் அரசின் அலட்சியத்தை எதிர்த்து 'ஆக்ட் அப்' இயக்கம் அந்த நகரில் தொடங்கியது. நாடக உலகம் தன் ஆட்களை வரிசையாக இழந்துகொண்டிருந்தது. எதிர்பாராமல் மேலிருந்து விழும் சாவும், யார் குற்றம் என்ற கூச்சலும் அவர்கள் தினமும் பார்த்தவை. ஆனால் அந்த ஒரே பொருளில் நாடகத்தை அடைப்பதை சோண்ட்ஹைம் ஏற்கவில்லை. அவர் முடிவு சரி என்றே தோன்றுகிறது. 2022இல், கொரோனாவுக்குப் பிறகு திறந்த அரங்குகளில் இதே நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும்.

வெட்டப்பட்ட வடிவங்கள்

பள்ளி வடிவம்: அமெரிக்காவில் 'ஜூனியர்' என்ற பெயரில் ஒரு மணி நேர வடிவம் உரிமத்தோடு கிடைக்கிறது. அதில் முதல் பாதி மட்டும். சின்னப் பிள்ளைகள் நடிக்க ஏற்றதுதான், அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மீதி இருக்கிறது என்றாவது சொல்ல வேண்டும். விதைத்ததை மட்டும் காட்டி, முளைத்ததை மறைத்தால், ஏமாற்றி வாங்கினாலும் எல்லாம் நல்லபடி முடியும் என்ற நேர் எதிரான கதை ஆகிவிடுகிறது.

படம்: ராப் மார்ஷல் இயக்கியது, சூனியக்காரியாக மெரில் ஸ்ட்ரீப். இரண்டாம் பாதி உண்டு, ஆனால் முக்கிய மாற்றங்கள்:

1. இடைவேளை இல்லை. "முடிந்தது" என்று நம்பவைத்து, மறுபடி திரையைத் தூக்கும் அதிர்ச்சி போய்விட்டது. குழம்பியவர்கள் குழம்பியதற்கு இதுவே பெரிய காரணம்.
2. கதைசொல்லி தனி ஆள் இல்லை. ரொட்டிக்காரரின் குரலே கதை சொல்கிறது. அதனால் கதைசொல்லியின் சாவும் இல்லை.
3. ரப்புன்ஸல் சாகவில்லை. இளவரசனோடு போய்விடுகிறாள். சூனியக்காரியின் புலம்பலுக்கு இருந்த கனம் குறைகிறது.
4. அப்பாவும் மகனும் சேர்ந்து பாடும் 'நோ மோர்' பாட்டு இல்லை. சங்கிலி அறுபடும் இடம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

நடிப்பும் பாடலும் நன்றாக அமைந்த படம். ஆனால் நாடகத்தின் முதுகெலும்பில் இரண்டு மூன்று எலும்பு குறைகிறது.

பார்க்க விரும்புபவர்களுக்கு

முதல் பிராட்வே குழுவினரோடு 1989இல் பதிவு செய்யப்பட்ட மேடைக் காட்சி 1991இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. முதல் முறை பார்ப்பதற்கு அதுதான் சரி. பெர்னடெட் பீட்டர்ஸின் சூனியக்காரியும், ஜோவானா க்ளீசன் காட்டில் தனியாக நின்று யோசிக்கும் பாட்டும் அதில் உண்டு. 2022இல் லியர் டிபெசோனெட் இயக்கத்தில் பிராட்வேயின் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் நடந்த மறு தயாரிப்பு, சோண்ட்ஹைம் 2021 நவம்பரில் 91 வயதில் மறைந்த சில மாதங்களில் வந்தது. அதன் இசைப் பதிவைக் கேட்கலாம். ஜாக்கின் பசுவை ஒரு பொம்மையாட்டக் கலைஞர் கையில் ஏந்தி நடிக்க, கூட்டம் அந்தப் பசுவுக்காகவே கைதட்டியது அந்தத் தயாரிப்பில்தான்.

பார்க்கும்போது மூன்று இடங்களில் கண்ணும் காதும் அங்கேயே இருக்கட்டும். விதை எண்ணும்போது ஒலிக்கும் ஐந்து சுரம். ஓநாயாக நடிப்பவரே சிண்டரெல்லாவின் இளவரசனாகவும் வருவது. அப்புறம் கடைசி நொடி: அரக்கி செத்து, இறந்தவர்களும் மேடைக்கு வந்து எல்லாரும் சேர்ந்து பாடி முடித்து, இசையும் நின்ற பிறகு, சிண்டரெல்லா மட்டும் நாடகத்தின் தொடக்கத்தில் பாடிய அதே இரண்டு சொல்லை மறுபடி சொல்கிறாள். "எனக்கு வேண்டும்…"